குளோரின் இருந்தும் குளம் ஏன் பச்சையாகிறது?

2016 ஆகஸ்ட் 9. ரியோ டி ஜெனிரோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 10 மீட்டர் இணை முக்குளிப்புப் போட்டி. மலேசியாவின் பண்டலேலா ரினோங்கும் சியோங் ஜுன் ஹூங்கும் அன்று வெள்ளிப் பதக்கம் வென்றார்கள். நம் ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. கண் விழித்துப் பார்த்தவர்களுக்குப் பதக்கத்தோடு இன்னொரு காட்சியும் மறந்திருக்காது: வீராங்கனைகள் பாய்ந்த குளத்து நீர் பச்சைப் பசேலென்று இருந்தது. பக்கத்திலேயே இருந்த நீர்ப்பந்துக் குளமோ அன்று நீலமாகத்தான் இருந்தது.

சில நாள் கழித்துக் காரணம் வெளியானது. ஆகஸ்ட் 5 அன்று, பராமரிப்பு ஒப்பந்தக்காரர் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடைக் குளங்களில் ஊற்றியிருக்கிறார். பெராக்சைடு ஒரு கிருமிநாசினி, குளோரினும் ஒரு கிருமிநாசினி. இரண்டும் ஒரே நீரில் சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். மிஞ்சுவது ஆக்சிஜனும் உப்பும் தண்ணீரும்தான். காவல் இல்லாத நீரில் பாசி படர்ந்தது. இதில் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. குளத்தின் மின்னணு அளவிகள் குளோரின் போதிய அளவு இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தன. கடைசியில் நீர்ப்பந்துக் குளத்தையும் பச்சை பிடிக்க, அதை வடித்துவிட்டு, பயிற்சிக் குளத்திலிருந்து சுமார் 37 லட்சம் லிட்டர் நீரைக் கொண்டுவந்து நிரப்பினார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் யாரும் பெராக்சைடு ஊற்றுவதில்லை. ஆனாலும் குளங்கள் பச்சையாகின்றன. பிரிக்பீல்ட்ஸ் கொண்டோவின் மாடிக் குளமாக இருந்தாலும், கிள்ளானில் ஒரு தனி வீட்டின் பின்புறக் குளமாக இருந்தாலும் கதை ஒன்றுதான். மிதவைக் கூடையில் குளோரின் மாத்திரை கரைந்துகொண்டே இருக்கிறது. சோதித்தால் குளோரின் இருப்பதாகவே தெரிகிறது. நான்கு நாள் மழை பெய்து ஓய்ந்ததும் சுவரைத் தொட்டால் வழுக்குகிறது, மறுநாள் பச்சை தட்டுகிறது. இன்னும் ஒரு பை குளோரின் வாங்கிக் கொட்டுவதுதான் வழக்கமான வைத்தியம். பெரும்பாலும் அது தப்பான வைத்தியம். எவ்வளவு குளோரின் இருக்கிறது என்பதைவிட, இருக்கிற குளோரின் எந்த நிலையில் இருக்கிறது என்பதே முக்கியம்.

மாத்திரை, குருணை, திரவம் என்று எந்த வடிவில் வாங்கினாலும் தண்ணீரில் கரைந்ததும் குளோரின் இரண்டு உருவங்களில் நிற்கும். ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம், மற்றது ஹைப்போகுளோரைட் அயனி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு ஹைட்ரஜன்தான்; வேலைத்திறனில் உள்ள வேறுபாடோ மிகப் பெரிது. அமில உருவத்துக்கு மின்னேற்றம் இல்லை. அதனால் கிருமியின் உறைக்குள் சுலபமாகப் புகுந்து அதன் உள்ளுறுப்புகளைச் சிதைத்துவிடும். அயனிக்கு எதிர்மின் உண்டு. கிருமியின் வெளிப்புறமும் எதிர்மின் உள்ளதாகையால் அது தள்ளி நிறுத்தப்படுகிறது. அமில உருவம் அயனியைவிட ஏறக்குறைய 80 முதல் 100 மடங்கு வல்லது என்று அளந்திருக்கிறார்கள். நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்களும் தாங்கள் விழுங்கிய கிருமியைக் கொல்ல இதே ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத்தான் தயாரிக்கின்றன.

எந்த உருவம் எவ்வளவு என்பதை நீரின் பிஎச் அளவு தீர்மானிக்கிறது. நீர் அமிலமா காரமா என்று சொல்லும் இந்த அளவுகோலை 1909-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் சோரன்சன் வகுத்தார். 7 என்பது நடுநிலை. கீழே போகப் போக அமிலம், மேலே போகப் போக காரம். ஒரு படி மாறினால் பத்து மடங்கு மாற்றம் என்பதால், 7.2-க்கும் 7.8-க்கும் இடையே உள்ள தூரம் எண்ணில் தெரிவதைவிட மிக அதிகம். பிஎச் 7-இல் குளோரினில் நான்கில் மூன்று பங்கு வல்ல உருவத்தில் இருக்கும். 7.5-இல் சரிபாதி. 8-ஐத் தொட்டால் நான்கில் ஒரு பங்குதான். குளோரினின் மொத்த அளவு துளியும் குறையாமலேயே காவலில் பெரும்பகுதி படுத்துவிடுகிறது. அப்படியானால் பிஎச்சை 6-க்கு இறக்கிவிடலாமே என்று கேட்கலாம். இறக்கினால் கண் எரியும், உலோகம் அரிக்கும், சிமெண்டு கரையும். நம் கண்ணீரின் பிஎச் சுமார் 7.4. குளத்துக்கு 7.2 முதல் 7.8 வரை என்று வைத்திருப்பது கிருமி, கண், குளத்துச் சுவர் மூன்றுக்கும் சேர்த்துக் கண்ட சமரசம்.

அடுத்து வெயில். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 3 பாகைதான் வடக்கே இருக்கிறது. உச்சிவெயில் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல். சூரியனின் புறஊதாக் கதிர் நீரில் உள்ள குளோரினை உடைத்து வெறும் உப்பாக்கிவிடும். காப்பு எதுவும் இல்லாத குளோரின் நேர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடுகிறது. காலை எட்டு மணிக்குப் போட்டது மதியச் சாப்பாட்டு நேரத்தில் அநேகமாக இல்லை. இதற்கு மாற்றாக வந்ததுதான் சயனூரிக் அமிலம் என்ற நிலைப்படுத்தி. அது குளோரினைத் தளர்வாகப் பற்றி வெயிலிலிருந்து காக்கும். நீரில் இருக்கும் குளோரின் செலவாகச் செலவாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும்.

இதில்தான் பெரும்பாலான வீட்டுக் குளங்கள் மாட்டிக்கொள்கின்றன. கூரைத் தண்ணீர்த் தொட்டியும் குழாயும் இருக்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நிலைப்படுத்தி பற்றி வைத்திருக்கும் குளோரின் தொட்டி நீர்; அந்தக் கணத்தில் கிருமியைக் கொல்லத் தயாராக இருப்பது குழாயில் வரும் நீர். நிலைப்படுத்தி கூடக் கூட, குழாய் ஒடுங்கிக்கொண்டே போகும். தொட்டி நிறைந்தேதான் இருக்கிறது, குழாயில் மட்டும் சொட்டுகிறது. நம் சோதனைப் பெட்டியோ தொட்டியில் இருப்பதையும் சேர்த்து எண்ணி, குளோரின் நிறைய உண்டு என்று நிறம் காட்டுகிறது. பாசிக்குத் தெரிவதோ அந்தச் சொட்டு மட்டும்தான். நிலைப்படுத்தி 30 முதல் 50 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கு நீரில் 30 முதல் 50 பங்கு, இருந்தால் வெயிலுக்குப் போதும். அது 100-ஐத் தாண்டிய குளத்தில், வழக்கமான 2 அல்லது 3 பிபிஎம் குளோரின் பாசியோடு போராட முடியாமல் தோற்றுவிடும்.

இவ்வளவு நிலைப்படுத்தி எங்கிருந்து வந்தது? யாரும் தனியாக வாங்கிப் போடவில்லை. கடையில் விற்கும் கட்டி மாத்திரைக்குள்ளேயே அது இருக்கிறது. டிரைகுளோர் எனப்படும் அந்த மாத்திரை 10 பிபிஎம் குளோரின் கொடுத்தால் கூடவே சுமார் 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் விட்டுப்போகும். குளோரின் செலவாகிவிடும், சயனூரிக் அமிலம் ஆவியாகாது, எளிதில் சிதையாது. ஒரு நாளைக்கு 2 பிபிஎம் குளோரின் தேவைப்படும் குளத்தில் மாதத்துக்கு 36 பிபிஎம் நிலைப்படுத்தி ஏறுகிறது. மழைதான் கழுவிக்கொண்டு போகிறதே என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1.4 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் மாதம் 200 மில்லிமீட்டர் மழை விழுந்து வழிந்தால் ஏழில் ஒரு பங்கு நீர்தான் மாறும். வரவு 36, செலவு ஏழில் ஒரு பங்கு என்றால், இருப்பு 200-ஐத் தாண்டிய பிறகுதான் இரண்டும் சமமாகும். வடிகட்டியைப் பின்னோக்கிக் கழுவும்போது கொஞ்சம் வெளியேறும், அதுவும் போதாது. குளத்து நீரில் ஒரு பகுதியை வடித்துவிட்டுப் புதுநீர் விடுவதைத் தவிர இதற்கு மலிவான வழி கிடையாது.

இப்போது நெடியின் புதிருக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் குளத்திலிருந்து சிவந்த கண்களோடு வருகிறார்கள். மூக்கைத் துளைக்கும் நெடி. "குளோரின் அதிகமாகப் போட்டுவிட்டார்கள்" என்று பெற்றோர் சொல்கிறார்கள். உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. வேறெதோடும் சேராத தனிக் குளோரின் சரியான அளவில் உள்ள சுத்தமான குளத்தில் நெடி அதிகம் இருக்காது. வியர்வை, சிறுநீர், உடலில் பூசிய எண்ணெய் ஆகியவற்றில் உள்ள நைட்ரஜன் பொருள்களோடு குளோரின் சேரும்போது குளோரமின்கள் பிறக்கின்றன. அவற்றுள் டிரைகுளோரமின் என்பது எளிதில் ஆவியாகி நீர்மட்டத்துக்கு மேலேயே தங்கும். கண்ணை எரிப்பதும் தொண்டையைக் கமறவைப்பதும் முக்கியமாக அதுதான். இப்படி மாட்டிக்கொண்ட குளோரினைக் கட்டுண்ட குளோரின் என்று சொல்லலாம். அதற்குக் கிருமியைக் கொல்லும் திறன் மிகக் குறைவு. நெடி எழுகிறது என்றால் அங்கே வேலை செய்யக்கூடிய குளோரின் போதவில்லை என்று அர்த்தம்.

குளத்தில் சிறுநீர் கழிப்பதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்களே, பிறகு எப்படித் தெரியும்? கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் அழகான வழியைக் கண்டார்கள். டயட் பானங்களிலும் பாக்கெட் தின்பண்டங்களிலும் சேர்க்கப்படும் அசிசல்ஃபேம் பொட்டாசியம் என்ற செயற்கை இனிப்பு நம் உடலில் செரிப்பதே இல்லை. உள்ளே போனது போனபடியே சிறுநீரில் வெளியேறுகிறது. குளோரினும் அதைச் சுலபத்தில் சிதைப்பதில்லை. ஆகவே குளத்து நீரில் அந்த இனிப்பு எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் சிறுநீர் எவ்வளவு கலந்தது என்று கணக்கிடலாம். இரண்டு நகரங்களில் 31 குளங்களையும் வெந்நீர்த் தொட்டிகளையும் சோதித்தார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. 8,30,000 லிட்டர் கொள்ளும் ஒரு குளத்தில் சுமார் 75 லிட்டர் சிறுநீர் இருந்தது. குளிக்க இறங்குமுன் ஒரு நிமிடம் ஷவரில் நின்று சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுவது எந்த ரசாயனத்தையும்விடப் பெரிய உதவி என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கட்டுண்ட குளோரினை நீக்க, ஒரே தவணையில் குளோரினை நிறைய ஏற்றவேண்டும். அதன் அளவைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு தனிக் குளோரின் கிடைத்தால் குளோரமின்கள் உடைந்து பெரும்பகுதி நைட்ரஜன் வாயுவாகப் பறந்துவிடும். பராமரிப்புக்காரர்கள் "ஷாக்" கொடுப்பதாகச் சொல்வது இதைத்தான். பாதி அளவோடு நிறுத்தினால் குளோரமின் இன்னும் கூடி நெடி மோசமாகும். பகலில் கொடுத்தால் வெயில் தின்றுவிடும். பொழுது சாய்ந்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.

இதுவரை சொன்னவை உலகின் எந்தக் குளத்துக்கும் பொருந்தும். நம் பள்ளத்தாக்குக்கென்று தனிக் குணம் ஒன்று உண்டு, அது தண்ணீரின் மென்மை. சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரிலும் கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும். யாழ்ப்பாணத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. இங்கே சிலாங்கூர், லங்காட் ஆறுகள் தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கற்பாறையில் பிறந்து வருகின்றன. கருங்கல் சுலபத்தில் கரையாது. எனவே நம் குழாய் நீரில் கால்சியம் குறைவு. கெட்டிலுக்கு நல்லது. குளத்துக்கு நல்லதல்ல.

ஏன் என்று தெரிந்துகொள்ளப் பத்துமலைக்குப் போகலாம். 272 படி ஏறிக் குகைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புக் கூர்கள் தெரியும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது பாறை இடுக்கில் இறங்கும்போது சுண்ணாம்பைக் கரைக்கிறது. அந்தக் குகையே அப்படிக் குடையப்பட்டதுதான். அதே நீர் குகையின் கூரையில் சொட்டாக நிற்கும்போது கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. பிஎச் ஏறுகிறது. இனி அவ்வளவு சுண்ணாம்பை நீரால் தாங்க முடியாது, படியவிடுகிறது. ஒரே நீர், ஒரே சுண்ணாம்பு. ஓரிடத்தில் கரைக்கிறது, ஓரிடத்தில் படிகிறது. நீர் சுண்ணாம்பால் தெவிட்டியிருக்கிறதா, பசியோடு இருக்கிறதா என்பதே கேள்வி.

கலிபோர்னியாவின் வில்பிரட் லாஞ்சலியர் 1936-இல் இதற்கு ஒரு குறியீடு வகுத்தார். நகரக் குடிநீர்க் குழாய்களை அரிப்பிலிருந்து காப்பது அவர் நோக்கம். இன்று உலகெங்கும் குளத்துக்காரர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். பிஎச், கால்சியம், காரத்தன்மை, வெப்பம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, நீர் கரைக்குமா படியவிடுமா என்று அது சொல்லும். பசித்த நீர் தனக்கு வேண்டிய கால்சியத்தை எங்கிருந்தாவது எடுத்துக்கொள்ளும். நம் குளங்களில் அது எடுப்பது மொசைக் ஓடுகளுக்கு இடையே உள்ள சிமெண்டுப் பூச்சிலிருந்து. ஓட்டின் விளிம்பு காலைக் கீறுகிறது, பூச்சு மணல் மணலாக உதிர்கிறது என்றால் வேலை செய்த கொத்தனாரைக் குறை சொல்லுமுன் நீரைச் சோதித்துப் பாருங்கள். கால்சியம் 200 பிபிஎம்முக்குக் குறையாமல் இருப்பது நல்லது. அமெரிக்கத் தென்மேற்கின் கடின நீருக்கு எழுதிய அறிவுரைகள் கால்சியத்தைக் குறைக்கத்தான் வழி சொல்கின்றன. இங்கே ஏற்ற வேண்டியிருக்கிறது.

மழை இந்தப் பசியைக் கூட்டுகிறது. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அதாவது ஓர் ஆண்டில் குளத்தின்மேல் விழும் மழை, குளத்தின் ஆழத்தைவிட அதிகம். சுத்தமான மழைநீரின் பிஎச் சுமார் 5.6. அதில் கால்சியமும் இல்லை, காரத்தன்மையும் இல்லை. காரத்தன்மை என்பது நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டின் அளவு. அமிலம் சேர்ந்தால் அது வாங்கிக்கொண்டு பிஎச்சை நிலையாக நிறுத்தும். வேதியியல் பாடத்தில் வரும் தாங்கல் கரைசல் இதுதான். மழை அதை நீர்த்துப்போக வைக்கிறது. டிரைகுளோர் மாத்திரையும் அமிலம். அது மீதியையும் கரைக்கிறது. காரத்தன்மை 80 பிபிஎம்முக்குக் கீழே வெகுவாக இறங்கிய குளத்தில் சிறிது அமிலம் விழுந்தாலும் பிஎச் தடாலென்று சரியும், சிறிது காரம் விழுந்தாலும் எகிறும்.

திருத்தம் சமையலறையிலேயே இருக்கிறது. அப்பச் சோடா என்று நாம் வாங்குவது சோடியம் பைகார்பனேட்தான். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.4 மீட்டர் ஆழம் உள்ள வீட்டுக் குளத்தில் சுமார் 45,000 லிட்டர் நீர் இருக்கும். அதில் காரத்தன்மையை 10 பிபிஎம் ஏற்ற சுமார் 750 கிராம் சோடா போதும். கால்சியத்தை 10 பிபிஎம் ஏற்ற சுமார் அரைக் கிலோ கால்சியம் குளோரைடு. என் கருத்தில், நம் மென்னீருக்கு ஆண்டு முழுவதும் மாத்திரையையே நம்புவதைவிடக் கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணை பொருத்தமானது: அது கால்சியத்தையும் தருகிறது, நிலைப்படுத்தியை ஏற்றுவதில்லை. பிஎச்சைச் சற்று ஏற்றும், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். உப்புநீர்க் குளம் வைத்திருப்பவர்கள் தங்கள் குளத்தில் குளோரினே இல்லை என்று நினைப்பதுண்டு. அங்கேயும் மின்சாரம் உப்பைப் பிரித்துக் குளோரினைத்தான் உண்டாக்குகிறது.

இத்தனையையும் கண்ணால் அறிய முடியாது. பளிங்கு போன்ற நீரிலும் பிஎச் 8.2 இருக்கலாம். பிஎச்சுக்கு ஃபீனால் ரெட் என்ற சாயம்: அமிலத்தில் மஞ்சள், காரத்தில் இளஞ்சிவப்பு. குளோரினுக்கு டிபிடி என்ற வேதிப்பொருள். பிரிட்டன் வேதியியலாளர் பாலின் 1957-இல் தந்த முறை இது. முதல் மாத்திரை தனிக் குளோரினுக்கு இளஞ்சிவப்பாகும். இன்னொன்றைச் சேர்த்தால் கட்டுண்டதும் சேர்ந்து நிறம் அடர்த்தியாகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நெடியின் அளவு. ஒரு பொறியையும் சொல்லிவிட வேண்டும். குளோரின் மிக அதிகமானால் அது டிபிடியின் நிறத்தையே வெளுத்துவிடும்; குழாய் தெளிவாக நிற்கும், குளோரினே இல்லை என்று தோன்றும். அதை நம்பி மேலும் கொட்டுகிறவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் குளத்து நீர் ஒரு பங்கோடு குளோரின் இல்லாத சுத்த நீர் நான்கு பங்கு கலந்து மறுபடி சோதியுங்கள்.

நல்ல நிலையில் உள்ள குளோரினுக்கும் எல்லை உண்டு. ஈ. கோலை ஒரு நிமிடத்துக்குள் சாகும். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியோ 1 பிபிஎம் குளோரினில் பத்து நாளுக்கு மேல் உயிரோடு இருக்கும். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையைக் குளத்தில் இறக்காதீர்கள். அமிலத்தையும் குளோரினையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு எழும். மாத்திரையையும் குருணையையும் ஒரே கூடையில் போடாதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கும். ரசாயனத்தை நீரில் சேர்க்க வேண்டும், ரசாயனத்தின்மேல் நீரை ஊற்றக்கூடாது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மில் அதிகம் பேர் நீந்துவது சொந்தக் குளத்தில் அல்ல, கொண்டோ குளத்தில். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு கோரிக்கை வையுங்கள்: தனிக் குளோரின், கட்டுண்ட குளோரின், பிஎச், காரத்தன்மை, கால்சியம், நிலைப்படுத்தி ஆகிய ஆறு எண்களையும் அளந்த தேதியோடு குளத்தின் பக்கத்துப் பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பெருமழைக்கு மறுநாள் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்களைப் படிக்க இப்போது உங்களுக்குத் தெரியும்.